கம்பி போட்ட பல்லும் கணக்கில் விட்ட செலவும்

இந்தப் பத்தியில் வழமையாக நெல் விலை, மீன் விலை, கடன் கொடுத்து ஏமாந்த கதை என்று எழுதுவேன். இந்த வாரம் பல்லைப் பற்றி எழுதப் போகின்றேன். வியாபாரப் பக்கத்தில் பல்லுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். முழுவதும் வாசித்து முடித்தால் இதுவும் ஒரு வியாபாரக் கணக்குத்தான் என்பது விளங்கும்.

கோமாரியில் கடலோரம் கடை வைத்திருப்பவனுக்கு முதலாவது எதிரி உவர்க்காற்று. இரும்புக் கதவுக்குப் போட்ட காசோடு செலவு முடிவதில்லை. வருடா வருடம் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். அதை விட்டால் கதவின் வெளிப்பக்கம் பளபளக்கும், பிணைச்சலுக்கு அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். வாங்கும் விலையோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்தால்தான் ஒரு பொருளின் உண்மையான விலை தெரியும். முப்பது வருடமாக மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த நான், என் மகளின் பல் விடயத்தில் மறந்து போனேன்.

மகளின் கேள்வி

மகளுக்கு மேல்வரிசையில் தெத்துப்பல். பதினான்கு வயதில், 2017ஆம் ஆண்டு, ஒரு தனியார் கிளினிக்கில் கிளிப் போட்டோம். கழற்றிக் கழற்றி மாட்டும் பிளேட் அல்ல. ஒவ்வொரு பல்லிலும் சிறிய உலோகத் துண்டை ஒட்டி, அவற்றின் ஊடாகக் கம்பி செலுத்தி, றப்பர் வளையத்தால் கட்டும் வகை. மாதம் ஒரு முறை நிபுணர் வருவார். வரிசையில் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். கம்பியை இறுக்கிவிட்டு, "நல்லாத் துலக்குங்க மகள்" என்று சொல்லி அனுப்புவார்.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, பல்லைச் சுத்தம் செய்வது நல்லது என்று அங்கே ஒருவர் சொன்னார். "கிளிப் காசுக்குள்ள அதுவும் வருமா?" என்று கேட்டேன். வராது, புறம்பாகக் கட்ட வேண்டும், வேறொரு நாளில் வர வேண்டும் என்றார்கள். நான் வியாபாரி. அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். இப்படியே இரண்டு வருடம் போனது. ஒரு தடவை சுத்தம் செய்யும் செலவு எங்கள் கடையின் ஒரு நாள் இலாபத்துக்கும் குறைவு. இதை இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கின்றது.

2019இல் கிளிப்பைக் கழற்றினார்கள். பற்கள் நூல் பிடித்தாற்போல் நேராக வந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு முன்பல்லிலும் உலோகத் துண்டு இருந்த இடம் மாத்திரம் பளபளப்பாகவும், அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைச் சட்டமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்த மகள் கேட்டாள்: "வாப்பா, கிளிப்பக் கழட்டியும் கிளிப்புட அடையாளம் போகல்லயே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது, "உங்கட பக்கத்துத் தண்ணியாலயும் இப்படி வரும்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பல் வளைந்திருக்கின்றது என்பதற்காக வாயைப் பொத்திச் சிரித்த பிள்ளை, பல் நேரான பிறகும் வாயைப் பொத்திச் சிரித்தாள். அதன் பிறகுதான் பேராதனையில் படித்த ஒரு பல் வைத்தியரிடம் உட்கார்ந்து, கடைக்காரன் சரக்கு விசாரிப்பது போல் ஒவ்வொன்றாக விசாரித்தேன். அவரிடம் தெரிந்துகொண்டதும், பின்னர் மகனின் பல்லில் நானே பார்த்ததும்தான் இந்தப் பத்தி.

தண்ணீரா, அழுக்கா?

தண்ணீர்க் கதையில் பாதி உண்மை இருக்கின்றது. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாறை போன்ற உலர் வலய மாவட்டங்களின் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதலாக உண்டு. சிறு வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளை, கபிலக் கறைகள் தெரியும். ஆனால் அவை பல் முளைக்கும்போதே கூட வருபவை. வலப்பக்கப் பல்லில் இருப்பது பெரும்பாலும் இடப்பக்கத்து அதே பல்லிலும் இருக்கும். கிளிப்பால் வரும் வெள்ளையோ உலோகத் துண்டின் ஓரத்தை, அதிலும் முரசுப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிளிப் போடுமுன் பல்லைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த வழக்கு அன்றே முடிந்திருக்கும். சரக்கு ஏற்றுமுன் எண்ணிப் பார்க்காதவன் குறைந்த பிறகு யாரைக் கேட்பது?

அந்த வெள்ளை எப்படி வருகின்றது? சாப்பாடும் சீனியும் பட்ட பல்லில் ஒட்டும் படலத்தில் கிருமிகள் வாழ்கின்றன. அவை சீனியைத் தின்று அமிலத்தை விடுகின்றன. வாயின் அமில நிலை பீஎச் 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமலில் இருந்து சுண்ணச்சத்துக் கரையத் தொடங்கும். சாதாரண வாயில் உமிழ்நீர் அதைக் கழுவி, இழந்த சத்தையும் ஓரளவு திருப்பிக் கொடுக்கும். கிளிப் போட்ட வாயில் ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டு, ஒவ்வொரு வளையமும் ஒரு மூலை. நாக்கும் உமிழ்நீரும் எட்டாத இடத்தில் படலம் நிலைத்துவிடும். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் வெள்ளை வரலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நானோ இரண்டு வருடம் பின்போட்டேன்.

சுத்தம் செய்யும் முறைகள்

ஸ்கேலிங் என்றால் ஒரே ஒரு வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிளிப் போட்ட வாய்க்கு அது பல படிகளைக் கொண்ட வேலை.

முதலாவது, அழுக்கைக் காட்டும் சாயம். சிவப்பு அல்லது ஊதா நிறச் சாயத்தைப் பல்லில் பூசிக் கொப்பளித்தால், படலம் உள்ள இடம் மட்டும் நிறம் பிடித்து நிற்கும். "நான் துலக்கினனே" என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. எந்த மூலை தவறுகின்றது என்பதைத் தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

இரண்டாவது, கம்பியைக் கழற்றுதல். றப்பர் வளையங்களை நீக்கிக் கம்பியை வெளியே எடுத்தால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே கருவி தாராளமாகப் போகும். கம்பியை வைத்துக்கொண்டும் சுத்தம் செய்யலாம். ஆனால் வேலை கஷ்டம், இடுக்குகள் தப்பிவிடும். இதைப் பிறகு மீண்டும் சொல்வேன், ஏனென்றால் காசு மிச்சப்படும் இடம் இதுதான்.

மூன்றாவது, கல்லாக இறுகிப்போன காரையை எடுத்தல். படலம் பல நாள் தங்கினால் உமிழ்நீரில் உள்ள சுண்ணச்சத்தோடு சேர்ந்து இறுகிவிடும். அதன் பிறகு எந்தப் பிரஷுக்கும் அது அசையாது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, வினாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் அல்ட்ராசொனிக் கருவி. அதன் நுனி சூடாகாமல் இருக்கவே தண்ணீர் பீச்சிக்கொண்டிருக்கும். மற்றையது, கையால் சுரண்டும் நுண்ணிய கருவிகள். அதிரும் நுனி உலோகத் துண்டில் பட்டு அழுத்தினால் ஒட்டு விட்டுவிடக் கூடும். ஆகையால் துண்டை ஒட்டிய பகுதியில் நிதானமான கை வேண்டும். துண்டு கழன்றால் மீண்டும் ஒட்ட வேண்டும், அந்தப் பல்லின் நகர்வும் பின்தங்கும். பழைய இதய இயக்கிக் கருவி பொருத்தியவர்கள் அல்ட்ராசொனிக் கருவிக்கு முன்னர் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

நான்காவது, மினுக்குதல். சுழலும் றப்பர்க் கிண்ணத்தில் மெல்லிய பசையை வைத்துப் பல்லின் முகத்தைத் துடைப்பார்கள். திறந்த பல்லுக்கு இது நல்லது. உலோகத் துண்டின் ஓரத்திலும் கம்பிக்கு அடியிலும் கிண்ணம் போய்ச் சேராது. அங்கே கூர்நுனிச் சிறு பிரஷ் தேவைப்படும்.

ஐந்தாவது, தூள் பீச்சும் முறை. காற்றையும் தண்ணீரையும் நுண்ணிய தூளையும் சேர்த்துப் பல்லின்மீது பீச்சுவார்கள். கிளிப் போட்டவர்களுக்கு மிகவும் பொருந்தும் முறைகளில் இதுவும் ஒன்று; கருவி போகாத மூலைக்கும் தூள் போகும். 1970களின் பிற்பகுதியில் இந்த இயந்திரங்கள் சந்தைக்கு வந்தபோது பயன்பட்ட தூள், நம் சமையலறை அப்பச்சோடாவின் இனம்தான். பின்னர் கிளைசின் தூளும், அதன் பிறகு எரித்ரிட்டோல் தூளும் வந்தன. இவை மிக நுண்ணியவை, முரசுக்கும் ஒட்டுக்கும் மென்மையானவை. ஆஸ்துமா உள்ளவர்களும், உப்பைக் குறைக்கும்படி கட்டளையிடப்பட்டவர்களும் சோடாத் தூளைப் பீச்சுமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்த முறை படலத்தையும் கறையையும் எடுக்குமே தவிர, கல்லாக இறுகிய காரையை எடுக்காது. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆறாவது, புளோரைட் பூச்சு. எல்லாம் முடிந்த பிறகு துண்டுகளைச் சுற்றி ஒரு பிசின் போன்ற மருந்தைத் தடவுவார்கள். 1960களில் ஜேர்மனியில் அறிமுகமான இந்த மருந்தில் பொதுவாக 5 வீதம் சோடியம் புளோரைட் இருக்கும். அது பல்லோடு ஒட்டி நின்று, கரைந்த இடத்தில் சத்து மீளப் படிய உதவும். பூசிய அன்று சூடானதும் கடினமானதும் சாப்பிடக் கூடாது. தடவுவது சில நிமிட வேலை. ஆனால் கேட்காவிட்டால் பல இடங்களில் அது நடப்பதில்லை.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும், முரசு ஏற்கனவே இறங்கியிருந்தது வெளியே தெரிகின்றது, கதை அவ்வளவுதான். கறையான் தின்ற கதவில் மண்ணைத் தட்டினால் ஓட்டை தெரியும். தட்டியவன்மீது குற்றம் சொல்லலாமா?

நம் பக்கத்தில் யார் செய்வது?

பல்லைச் சுத்தம் செய்வதையே தனித் தொழிலாகப் படிப்பித்த முதல் ஆள் அமெரிக்காவின் அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர். 1906இல் தன்னிடம் வேலை செய்த பெண்ணுக்கு இதைப் பழக்கினார். 1913இல் அதற்கென ஒரு பாடசாலையே திறந்தார். பல நாடுகளில் இன்று இதற்கென்று தனியானவர்கள் இருக்கின்றார்கள். எங்கள் நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் பல் வைத்தியரே செய்ய வேண்டியிருக்கின்றது. 1943இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குப் போன பல் மருத்துவக் கல்வி, பல தசாப்தங்களாக நாட்டுக்கு அந்த ஒரே வாசலாகவே இருந்தது.

பாடசாலைப் பிள்ளைகளுக்காக நியூசிலாந்தின் முறையைப் பார்த்து, மஹரகமையில் 1950களில் பற்சிகிச்சைத் தாதியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் அது 13 வயது வரையிலான பிள்ளைகளை மையமாகக் கொண்டது. கிளிப் போடுவதோ பெரும்பாலும் பால் பற்கள் விழுந்து முடிந்த பிறகு, அதே வயதை ஒட்டித்தான். அதாவது பாடசாலை மிஸ் கையை விடும் வேளையில்தான் கம்பி வாய்க்குள் நுழைகின்றது. இந்த இடைவெளியில் பிள்ளையைக் கவனிக்கப் பெற்றோரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். பல்லை நேராக்கும் விசேட நிபுணர்கள் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருப்பார்கள். ஆனால் வெறும் ஸ்கேலிங்குக்கு நிபுணர் தேவையில்லை. கிளிப் தனியாரிடம் போட்டதென்றாலும், சுத்தம் செய்வதற்கு அருகிலுள்ள அரச பற்சிகிச்சைப் பிரிவில் விசாரிப்பதில் எந்த மானக்கேடும் இல்லை. தனியாரிடம் போவதென்றால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுசெய்த பல் வைத்தியரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை பெரிதாக இருப்பது பதிவுக்கு அத்தாட்சி ஆகாது.

ஒரே பயணம், இரண்டு வேலை

2021 கடைசியில் மகனுக்குக் கிளிப் போட வேண்டி வந்தது. இம்முறை காசைப் பற்றிப் பேசுமுன் கேள்விகளைக் கேட்டேன். அடுத்த வருடம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. கோமாரியிலிருந்து நகரத்துக்கு ஒரு தடவை போய் வருவதே பெரும் பாடு. மாதம் ஒரு தடவை கம்பிக்கும், வேறொரு நாளில் சுத்தத்துக்கும் போக முடியாது.

அப்போதுதான் வைத்தியர் ஒரு வழி சொன்னார். "கம்பி மாத்துற நாள்ல எப்படியும் கம்பியக் கழட்டுவாங்க காக்கா. அந்த இடைவெளிக்குள்ள சுத்தம் செஞ்சிட்டு, புதுக் கம்பிய மாட்டலாம். முன்கூட்டிச் சொல்லி அரைமணி நேரம் கூட எடுத்துவெச்சா சரி." இவ்வளவுதான். கம்பியும் வெளியே, பயணமும் ஒன்று, பிள்ளையின் பாடசாலை நாளும் ஒன்று மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நாள் குறித்துக் கடைக் கலண்டரில் எழுதினேன், சீட்டுக் காசு கட்டும் நாளை எழுதுவது போல. எல்லோருக்கும் மூன்று மாதம் வேண்டும் என்றில்லை. அழுக்குப் பிடிக்கும் வாய்க்கு மூன்று, மற்றவர்களுக்கு ஆறு என்று வைத்தியரே சொல்வார்.

கடைக்காரனின் ஒப்புதல்

வைத்தியர் எவ்வளவு சுத்தம் செய்தாலும் படலம் சில மணி நேரத்திலேயே மீண்டும் கட்டத் தொடங்கிவிடும். அன்றாட வேலை வீட்டில்தான். இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்கின்றேன். என் கடையில் பல வருடமாகக் கடும் நார்ப் பிரஷ்களையே தொங்கவிட்டேன். "அழுத்தித் தேச்சாத்தான் அழுக்குப் போகும்" என்று கேட்டு வாங்குவார்கள், விற்பனை ஓடும். கிளிப் போட்ட பல்லுக்கு மென்மையான நாரும், துண்டின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்று சரித்துத் துலக்கும் பொறுமையும் வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைப்பதற்குப் போத்தல் கழுவும் பிரஷின் குட்டி போல ஒன்று உண்டு. மகனுக்காக நகரத்துப் பார்மசியில் தேடி வாங்கினேன். இப்போது கடையிலும் சில வைத்திருக்கின்றேன். பெரிய விற்பனை இல்லை. பரவாயில்லை.

பற்பசை வாங்கும்போது பெட்டியின் முதுகைப் பாருங்கள். புளோரைட் அளவு பெரிய பிள்ளைகளுக்கும் வளர்ந்தவர்களுக்கும் 1,450 பீபீஎம் அளவில் இருப்பது நல்லது. மிஸ்வாக் பாவிப்பவர்கள் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் குச்சி கம்பிக்கு அடியில் நுழையாது, துண்டில் மோதினால் ஒட்டும் விடலாம். எனவே மெதுவாகப் பாவித்து, அதோடு பிரஷையும் வைத்துக்கொள்ள வேண்டும். தொதல், மஸ்கட், பேரீச்சம்பழம் போன்ற ஒட்டும் பண்டங்களைச் சாப்பிட்டால் உடனே கொப்பளிக்க வேண்டும். கச்சான், எலும்பு, கரும்பு கடித்தால் துண்டு கழரும். சீனி போட்ட பிளேன்ரீயை மணிக்கணக்காக உறிஞ்சுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொரு மிடறும் அமிலத்துக்குப் புதுத் தீனி.

காசு கொடுக்குமுன் கேளுங்கள்

கிளிப் போட நினைக்கும் பெற்றோர் இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். பேசிய தொகைக்குள் சுத்தம் செய்வது சேருமா? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? கம்பியைக் கழற்றிச் செய்வீர்களா, வைத்துக்கொண்டா? கம்பி மாற்றும் நாளிலேயே செய்யலாமா? முடிவில் புளோரைட் பூசுவீர்களா? தொடங்குமுன் பல்லைப் படம் எடுத்துத் தருவீர்களா? ஏற்கனவே முரசு வீங்கியிருந்தாலோ, பல்லில் சூத்தை இருந்தாலோ அவற்றை முதலில் குணப்படுத்துவீர்களா? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளால் கோபிக்க மாட்டார். இப்படிக் கேட்கும் பெற்றோரைக் கண்டால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

மகனின் கிளிப் 2023 இறுதியில் கழன்றது. வெள்ளை இல்லை. மகளின் பல்லில் இருந்த வெள்ளை, புளோரைட்டும் நேரமும் சேர்ந்து சற்று மங்கியது, முழுவதும் போகவில்லை. வெள்ளைக்குள் பிசினை ஊறவிட்டு மறைக்கும் சிகிச்சை இருக்கின்றது. செய்து தருகின்றேன் என்று சொன்னேன். அந்தச் செலவு, நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த அத்தனை ஸ்கேலிங் காசையும் கூட்டினாலும் அதைவிட அதிகம்.

"காசு கிடக்கட்டும் வாப்பா, தம்பிட பல்ல மட்டும் பார்த்துக்கங்க" என்று அன்று அவள்தான் சொன்னாள். என் கணக்குப் புத்தகத்தில் இன்னும் தீராத கடன் அது ஒன்றுதான். உங்கள் புத்தகத்தில் அப்படி ஒன்று ஏறாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.